மதுராந்தகத்துப் பெரியப்பா

நாற்பது பேருக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. குடிக்க வந்திருந்தவர்கள் ஏழு பேர்.

உபதேசியார் ஏசுதாஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களை இந்தப் பக்கமிருந்து ஒரு தடவை எண்ணினார். அந்தப் பக்கம் போய் நின்று ஒரு தடவை எண்ணினார். எங்கே நின்று எண்ணினாலும் ஏழுதான் வந்தது.

"முதுகுப் பக்கமா போய் எண்ணிப் பாருண்ணா. ஒருவேள எட்டு வரும்," என்றாள் அம்முலு, அடுப்படியிலிருந்து.

"நக்கல் பண்ணாத அம்முலு. பன்னெண்டு மணி பஸ்ஸுல அவர் வந்துடுவாரு."

"வரட்டுமே. ஏழு பேரும் ஆளுக்கு ஆறு தபா எயுந்து எயுந்து உக்காரச் சொல்லு. நாப்பத்திரண்டு."

உத்திரமேரூர் கடைத்தெரு முனையில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, ஓடு போட்ட சின்ன வேதக் கோயில். அதன் பக்கத்திலே ஒரு கீற்றுக் கொட்டகை. அதற்குக் கஞ்சி வீடு என்று பெயர். பட்டணத்து மிஷனிலிருந்து மாதம் ஒரு தடவை கோதுமை ரவையும் பால் பவுடரும் மூட்டையாக வரும். அதை அம்முலு கஞ்சியாகக் காய்ச்சுவாள். ஏசுதாஸ் ஊற்றுவார். என்ன சாதி, என்ன சாமி என்று கேட்பதில்லை. தட்டை நீட்டினால் கஞ்சி. பஸ் நிற்கும் இடத்தில் படுக்கிறவர்கள், சாவடியில் ஒண்டிக்கொண்டிருக்கிறவர்கள், வேலை கிடைக்காத கூலிக் குடும்பங்கள் என்று தினமும் நாற்பது பேராவது வந்துபோகிற இடம்.

ஆனால் இது தை மாதம். ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலமெல்லாம் அறுப்பு நடக்கிறது. கையும் காலும் உள்ளவர்கள் எல்லோரும் களத்தில் இருந்தார்கள். வருஷத்தில் இந்த ஒரு மாதம்தான் அவர்கள் வீட்டுப் பானைக்குள் நெல் சத்தம் கேட்கும்.

நேற்று வந்த தபால் கார்டு அதையெல்லாம் கேட்கவில்லை. "நாளைப் பகல் பஸ்ஸில் மேற்பார்வையாளர் திரு. தானியேல் வருகிறார். முப்பது பேருக்குக் குறைவாக உண்ணும் இடங்களை மூடிவிட்டு, சாமான்களைத் தேவையுள்ள ஊர்களுக்கு மாற்றுவதென முடிவாகியிருக்கிறது" என்று நாலே வரி.

ஏசுதாஸுக்கு ராத்திரி தூக்கமில்லை. தையிலே மூடிவிட்டால் சித்திரையில் என்ன செய்வது? பங்குனி முடிந்தால் வயலில் வேலை கிடையாது. அப்புறம் ஆடி மழை வரைக்கும் பொழுது விடியும் முன்பே பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்கும். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

காலையிலேயே, வயலுக்குப் போய்க்கொண்டிருந்த செங்கேணியை வழி மறித்துப் பார்த்தார். செங்கேணி ஊர்க்கோடி இருளர் குடிசைகளில் இருப்பவள். போன சித்திரையில் ஐந்து பிள்ளைகளோடு தினமும் வந்தவள்.

"செங்கேணி, மத்தியானம் உங்க ஆளுங்கள இட்டுக்கினு வந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போம்மா."

"அறுப்பு நாள்ல யாரு நைனா உன் ரவக் கஞ்சிய குடிப்பாங்க? களத்துல புது அரிசிச் சோறு போடறாங்க. கருவாட்டுக் கொயம்பு வேற." அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஆக, ஏழு பேர். அதில் முதல் ஆள் பாண்டுரங்கன். ஒரு காலத்தில் காஞ்சிபுரத்தில் ஜட்கா ஓட்டியவர். குதிரை செத்தது. வண்டி போயிற்று. பின்னாலேயே வீடும் போயிற்று. இப்போது பஸ் நிற்கும் இடத்துச் சிமெண்டுப் பலகைதான் வீடு. பத்து நாளாக விடாத இருமல் வேறு. ஏரி உடைந்ததில் குடிசை போய்ச் சாவடியில் இருக்கும் பெரியசாமியும் அவன் மனைவியும் இரண்டு பேர். மீதி நாலு பேரும் நடக்கவே தடி வேண்டியவர்கள்.

ஏசுதாஸ் எதிரே பார்த்தார். பஸ்ஸுக்காக ஒரு பத்துப் பதினைந்து பேர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

போய் நின்று, கும்பிட்டு, "எல்லாரும் வந்து ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போங்க. சூடா கீது," என்றார்.

ஜரிகை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் தாம்பூலப் பையோடு நின்றிருந்தார். பெண் பார்க்கப் போகிறவர் போலும். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாய்யா, என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?"

"தப்பா நெனக்காதீங்க பெரியவரே. இது பிச்சக்காரங்களுக்கு ஊத்தற கஞ்சி மாதிரி இல்ல…"

"பிச்சக்காரங்களுக்கு ஊத்தறத எனக்குக் குடுப்பியா நீ?"

பெரியவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் பத்தடி தள்ளிப் போய் நின்றார்கள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஏசுதாஸ் திரும்பி வந்தபோது பெரியசாமி தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தான்.

"நாங்க பிச்சக்காரங்களா உபதேசியாரே?"

"ஐயையோ, உன்ன சொல்லல பெரியசாமி…"

"பின்ன இங்க வேற யாரு கீறாங்க? எனக்கும் ஒரு வூடு இருந்துச்சி. வா புள்ள போலாம்."

புருஷனும் பெண்டாட்டியும் போய்விட்டார்கள். ஏழு, ஐந்து ஆயிற்று.

"கூட்டம் சேக்கப் போனியா, கலைக்கப் போனியா?" என்று கேட்டாள் அம்முலு. கரண்டியால் பானையைத் துழாவிக்கொண்டே, "அடி புடிக்குதுண்ணா. நாப்பது பேர் கஞ்சிய அஞ்சு பேரு எப்படிக் குடிப்பாங்க?" என்றாள்.

மணி பதினொன்றாகிவிட்டது. ஏசுதாஸ் சைக்கிளை எடுத்தார். நேராகக் களத்துக்கே போய்க் காலில் விழுந்தாவது இழுத்து வருவதென்று முடிவு செய்தார். போகும்போது இன்னொரு யோசனை. கோயில் மணியையும் அடித்து வைத்தால், கூப்பிடுகிற குரல் காதில் விழுந்துகொண்டே இருக்குமே.

"பாண்டுரங்கன் ஐயா, நான் திரும்பி வர வரைக்கும் அந்த மணிய அடிச்சிக்கினே இருக்கணும். நிறுத்தக் கூடாது. அடிப்பீங்களா?"

பாண்டுரங்கன் இருமலுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரை ஒரு வேலை செய்யச் சொல்லி யாரும் கேட்டுப் பல வருஷமாகிவிட்டது.

"குதிரையே ஓட்டினவன்ப்பா. கயித்தப் புடிக்கத் தெரியாதா?"

ஏசுதாஸ் தெருமுனை திரும்பும் முன்பே மணி கேட்டது. ஒன்று ஓங்கி, இரண்டு மெல்ல, ஒன்று அடிபடாமல், மூன்று சேர்ந்தாற்போல. குதிரையை விரட்டுகிற தாளத்தில் அடித்தார் பாண்டுரங்கன்.

சாலையில் போனால் சுற்று என்று ஏசுதாஸ் ஏரிக்கரை வழியாகப் போனார். பாதி தூரத்தில் சைக்கிள் சங்கிலி கழன்றது. மாட்டினார். மறுபடி கழன்றது. வேட்டியெல்லாம் கருப்பு மை. வேர்த்து விறுவிறுத்துக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

அறுத்த கட்டு அறுத்தபடி கிடந்தது. அடித்த நெல் குவியலாகக் கிடந்தது. கதிர் அரிவாள்கள் போட்டது போட்டபடி கிடந்தன. ஒரு மாடு மட்டும் வைக்கோலைத் தின்றுகொண்டே அவரைப் பார்த்தது.

"சனம் எங்க போச்சி?" என்று அதைக் கேட்டார் ஏசுதாஸ். அவ்வளவு குழம்பிப்போயிருந்தார்.

வேறு ஊருக்கு அறுக்கப் போய்விட்டார்கள், எல்லாம் முடிந்தது, கஞ்சி வீடும் முடிந்தது என்று அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். கடைத்தெரு முனைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

கஞ்சி வீட்டு வாசலில் ஒரு கூட்டம். ஐம்பது பேர் இருப்பார்கள். களத்து ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். சாலை வழியாக ஓடி வந்திருக்கிறார்கள். இரைக்க இரைக்க, காலெல்லாம் சேறும் உமியுமாக நின்றார்கள். பெண்கள் மடியில் எதையோ முடிந்து வைத்திருந்தார்கள். அறுப்பு ஆள் கன்னியப்பன் கையில் ஒரு சாமந்தி மாலை. எல்லோருக்கும் முன்னால், தோளில் பறையோடு வீராசாமி.

வீராசாமி சாவுக்குப் பறை அடிக்கிறவன். கஞ்சி வீடு திறந்த நாளிலிருந்து ஒரு நாள்கூடக் கஞ்சிக்கு வந்து நின்றதில்லை. கொலைப் பட்டினி கிடந்தாலும் வரமாட்டான். அவ்வளவு வீம்பு.

ஏசுதாஸுக்கு விளங்கிவிட்டது. நேரம் கெட்ட நேரத்தில் கோயில் மணி அடித்தால் யாருக்கு வேண்டுமானாலும் என்ன தோன்றும்? சாவுதான் தோன்றும். பாண்டுரங்கன் பத்து நாளாக இருமுவது ஊருக்கே தெரியும்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. செங்கேணி அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அழாத செங்கேணி! பாண்டுரங்கன் ஐயா நல்லாத்தான் கீறாரு. தோ, அவருதான் மணி அடிக்கிறாரு! ஐயா, போதும், நிறுத்துங்க!"

மணி நின்றது. மரத்துக்குப் பின்னாலிருந்து பாண்டுரங்கன் இருமிக்கொண்டே தலையை நீட்டினார். "நல்லா அடிச்சனா?"

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ பெருமூச்சு விட்டார்கள். "அப்ப சரி, நாங்க வரோம்," என்று கன்னியப்பன் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கிளம்பினான். மற்றவர்களும் திரும்பினார்கள்.

இங்கேதான் ஏசுதாஸ் புத்தி தடுமாறினார். ஐம்பது பேர்! கேட்காமலே வந்த ஐம்பது பேர்! இன்னும் கால் மணியில் பஸ். அவரை அறியாமல் வாய் பேசிவிட்டது.

"இருங்க, போவாதீங்க! சாவுதான். சாவு மணிதான். எங்க… எங்க பெரியப்பா போயிட்டாரு. மதுராந்தகத்துல."

கால்கள் நின்றன. "ஐயையோ" என்று ஐம்பது குரல் ஒன்றாக எழுந்தது.

அம்முலு அவர் காதருகே வந்து, "உங்கப்பன்தானண்ணா மூத்தவரு? உனக்கு ஏது பெரியப்பா?" என்று கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு. தட்டு எடுத்து வை."

"இன்னா வயசு நைனா?" என்று கேட்டாள் செங்கேணி.

"எண்பது."

"கல்யாணச் சாவு," என்று சொல்லி வீராசாமி பறையைக் காய்ச்ச வைக்கோல் தேடினான்.

"புள்ளைங்க எத்தினி?"

"நாலு… ரெண்டு."

"நாலுல ரெண்டு போயிடுச்சா? ஐயோ மகராசா!" செங்கேணி அப்படியே தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து தோளில் தோள் சாய்த்தார்கள். பெற்ற பிள்ளை இரண்டை வாரிக்கொடுத்தாராம், ஏறின வண்டி குடை சாய்ந்ததாம், இருந்த கண்ணும் பொட்டையானதாம். செங்கேணி அழுத அழுகையில், பிறக்காத பெரியப்பாவை நினைத்து ஏசுதாஸுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்துக்கு வந்தார். "அவ்வளவு தூரத்துல இருந்து ஓடியாந்திருக்கீங்க. ஆளுக்கு ஒரு தட்டு கஞ்சி குடிச்சிட்டுப் போங்க."

ஒப்பாரி நின்றது.

"எழவு வூட்டுல வாய் நனைக்கிறதா?" என்றான் கன்னியப்பன். "பொணம் எடுக்காம?"

"பொணம் இங்க இல்லியே. மதுராந்தகத்துல இல்ல கீது?"

"எங்க இருந்தா இன்னா? நீதான பங்காளி. நீ இருக்கற எடம் எழவு வூடு. எடுத்துட்டாங்களா இல்லியா, அத்த சொல்லு."

"எடுத்தாச்சி, எடுத்தாச்சி. குடிங்க."

"எடுத்துட்டாங்களா! பெரியப்பாவுக்கு ஒரு பிடி மண்ணு போடாம நீ இங்க சைக்கிள் ஓட்டினு கீறியா?"

"இல்ல இல்ல. இன்னும் எடுக்கல."

"அப்ப கஞ்சி கூடாது."

மரத்தடியில் குடித்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் இதைக் கேட்டார்கள். ஒவ்வொருவராகத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்கள். பாண்டுரங்கன் மட்டும், "எனக்கு இன்னும் ஒரு கரண்டி ஊத்தறேன்னு சொன்னியே," என்று முனகினார். பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் அவரும் வைத்துவிட்டார்.

ஐந்து, பூஜ்யம் ஆயிற்று.

"இப்பவே கெளம்பு நைனா," என்று எழுந்தாள் செங்கேணி. "பன்னெண்டு மணி பஸ்ஸு மதுராந்தகம்தான போவுது?"

"அது… போவுது."

"நாங்களும் வரோம். துக்கத்துல உன்ன ஒண்டியா வுட முடியுமா?"

"வேணாம்மா, அறுப்பு கெடக்குது…"

"அறுப்பு நாளைக்கும் கெடக்கும். பெரியப்பா கெடப்பாரா?"

சொல்லி வாய் மூடவில்லை, புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் வந்து நின்றது. கன்னியப்பன் சாமந்தி மாலையை ஏசுதாஸ் கையில் திணித்தான். வீராசாமி பறையில் ஒரு அடி வைத்தான். ஐம்பது பேரும் உபதேசியாரை அலாக்காகத் தூக்கிப் படிக்கட்டில் ஏற்றினார்கள். உள்ளேயிருந்து குடையும் கையுமாக ஒரு மெலிந்த மனிதர் இறங்க வந்தார். இரண்டு பேரும் மூக்கோடு மூக்காக முட்டி நின்றார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்க. நான் இறங்கணும்."

"நானும் இறங்கத்தான்யா பாக்கறேன்!"

"ஏறுறியா எறங்குறியா உபதேசியாரே? ஒரு ஆளுக்குத்தான் எடம். டைம் ஆவுது!" என்று கத்தினார் கண்டக்டர்.

மெலிந்த மனிதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "உபதேசியார் ஏசுதாஸா? நான் தானியேல். மிஷன் மேற்பார்வை."

"பெரியப்பா சாவுக்குப் போறாருங்க," என்று கீழேயிருந்து கூட்டம் விளக்கம் சொன்னது.

தானியேலின் முகம் இளகியது. "அடடா. தேவன் ஆறுதல் தருவாராக. நீங்க தாராளமா போய்ட்டு வாங்க. இங்க நானே பாத்து எழுதிக்கறேன்." குடையை ஊன்றி அப்படியும் இப்படியும் நகர்ந்து கீழே இறங்கினார். கஞ்சிப் பானையை எட்டிப் பார்த்தார். கிட்டத்தட்ட விளிம்பு வரை இருந்தது. கவிழ்ந்த தட்டுகளைப் பார்த்தார். நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு பேர் இருக்காங்க, கஞ்சியும் தயாரா இருக்கு. ஒருத்தர்கூடக் குடிக்கலையே?"

"வேணாங்கய்யா," என்றது கூட்டம், பணிவாக.

"யாருக்குமே வேணாமா?"

"வேணாங்க."

"நல்லது. எழுதறதுக்குச் சுலபமா போச்சு." தானியேல் சட்டைப் பையிலிருந்து மிஷன் படிவத்தையும் பேனாவையும் எடுத்து, பேனா மூடியைத் திருகினார்.

பஸ் உறுமியது. பேசாமல் உட்கார்ந்தால் போதும். மதுராந்தகத்தில் இறங்கி, சாயங்காலம் வந்து, எல்லாம் என் தலைவிதி என்று சொல்லிவிடலாம். ஏசுதாஸ் அந்தப் பேனாவைப் பார்த்தார். தட்டோடு நிற்கும் பிள்ளைகள் கண்முன் வந்தார்கள். ஓடத் தொடங்கிய பஸ்ஸிலிருந்து மாலையும் கையுமாகக் குதித்தார். நேராகத் தானியேல் காலடியில் போய் விழுந்தார்.

"எழுதாதீங்க ஐயா! யாரும் சாவல. எனக்குப் பெரியப்பாவே கெடையாது. நான் சொன்னது பொய்!"

கூட்டம் வாயைப் பிளந்தது.

"பெரியப்பா சாவலையா?" என்றாள் செங்கேணி.

"பொறக்கவே இல்லம்மா."

"அப்ப நான் அழுதது?"

ஏசுதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு செங்கேணிதான் முதலில் சிரித்தாள். "கண்ணு வேற பொட்டையாக்கிட்டேனே அந்த மனுசனுக்கு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு கூட்டம் முழுக்கப் பரவி, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வரைக்கும் போய்த் திரும்பியது. தானியேல் மட்டும் சிரிக்கவில்லை.

"ஐயா, உண்மைய சொல்லிடறேன்," என்றார் ஏசுதாஸ். "இன்னிக்கு வந்தது ஏழு பேரு. என் வாய்க் கொழுப்பால அஞ்சு ஆச்சி. இவங்கள கணக்குல சேக்காதீங்க, இவங்க சாவுன்னு நெனச்சி வந்தவங்க. ஆனா சித்திரையில வந்து பாருங்க. இதே சனம், இதே எடம், தெரு முனை வரைக்கும் வரிசை நிக்கும். தையில மூடினீங்கன்னா அன்னிக்கு அடுப்பு இருக்காதுய்யா. அதுக்குத்தான் பொய் சொன்னேன்."

தானியேல் பதில் சொல்வதற்குள் பெண்களுக்குள் வேறு ஒரு பேச்சு எழுந்தது.

"இத்த இன்னா பண்றது?" என்று ஒருத்தி தன் மடியைக் காட்டினாள்.

"சாவுக்குன்னு எடுத்தாந்தது. வூட்டுக்குத் திருப்பி எடுத்துனு போவக் கூடாது," என்றாள் இன்னொருத்தி.

"களத்துலயும் போடக் கூடாது."

செங்கேணி யோசித்தாள். நேராக அம்முலுவிடம் போய், சுவரில் சாய்த்திருந்த முறத்தை எடுத்து வைத்து, தன் மடி முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு கை நிறையப் புது நெல். அன்றைய கூலியில் அள்ளி முடிந்தது. சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று, ஓடுகிற அவசரத்திலும் ஆளுக்கு இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து கொட்டினாள். முறம் நிறைந்தது. கூடை வைத்தார்கள். கூடையும் நிறைந்தது. எங்கிருந்தோ வந்து நின்ற பெரியசாமி, யாரும் சொல்லாமலே ஒரு சாக்கைப் பிரித்துப் பிடித்தான்.

தானியேல் பேனாவோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நெல்லில் நாலு மணியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதி, பல்லில் கடித்துப் பார்த்தார். கோட்டு போட்ட பட்டணத்து மனிதர் செய்கிற காரியமில்லை அது.

"எனக்குத் தென்னேரி," என்றார் மெதுவாக. "எங்கப்பாவும் கூலிக்கு அறுத்தவருதான். தை மாசத்துல பசிய எண்ணிக்கினு வான்னு என்ன அனுப்புனாங்க பாருங்க, அவங்க நெல்லு மரத்துல காய்க்குதுன்னு நெனச்சிக்கினு கீறாங்க." பேச்சு மாறிப்போனதை அவரே கவனித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எத்தனை பேர் வாங்கறாங்கன்னு எழுதத்தான் இந்தப் படிவத்துல இடம் இருக்கு. எத்தனை பேர் குடுக்கறாங்கன்னு எழுத இடமே இல்லை. அதனால மேலேயே குறுக்கா எழுதிடறேன். சித்திரையில வந்துதான் எண்ணுவேன். அதுவரைக்கும் இந்த அடுப்பு அணையக் கூடாது."

ஏசுதாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"கைய விடுங்க உபதேசியாரே. நான் பசியோட வந்திருக்கேன். எனக்கும் ஒரு தட்டு ஊத்துங்க."

யாரும் சாகவில்லை என்று ஆனபின் கஞ்சிக்கு என்ன தடை? எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அடி பிடித்த வாசனையோடு அம்முலு ஊற்றினாள். ஏசுதாஸ் பெரியசாமி முன்னால் போய்க் குனிந்து, "தப்பா பேசிட்டேன்யா, மன்னிச்சிக்க," என்று சொல்லி முதல் கரண்டியை அவன் தட்டில் ஊற்றினார். பாண்டுரங்கனுக்கு, சொன்னபடி, இன்னும் ஒரு கரண்டி. ஜரிகை வேட்டிப் பெரியவர்கூட, பஸ்ஸைத் தவறவிட்ட கோபத்தில் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் பசி பொறுக்காமல் ஓரமாக வந்து உட்கார்ந்தார்.

பானை காலியாயிற்று. தானியேல் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறிப் போனார். சனம் சிரித்துக்கொண்டே களத்துக்குத் திரும்பியது. கடைசியாக வீராசாமி. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கஞ்சி வீட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டு, பறை வாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

மனசு நிறைந்திருந்தாலும் ஏசுதாஸுக்குள் ஒரு சின்னக் குறை உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டார்.

"ஏன் வீராசாமி, நான் காலையில வழி மறிச்சிக் கூப்ட்டன். கேலி பண்ணிட்டுப் போனீங்க. பாண்டுரங்கன் செத்துட்டாருன்னா மட்டும் அருவாளப் போட்டுட்டு ஓடியாரீங்க. அந்தக் கெயவன் மேல அவ்ளோ பிரியமா?"

"பாண்டுரங்கனா?" வீராசாமி அவரை வியப்போடு பார்த்தான். "அவருக்கு யாரு வந்தது? பதினோரு வருசமா அந்த மணிய உன் கை தவிர வேற கை அடிச்சதில்ல. இன்னிக்குக் கை மாறிப் போச்சேன்னுதான் சனம் அலறிச்சி. உசுரோட வந்து நிக்கற ஆளு மூஞ்சியப் பாத்து அத்த எப்படிச் சொல்றதுன்னுதான் எல்லாரும் வாய மூடினு இருந்தாங்க. நாங்க அத்தினி பேரும் ஓடியாந்தது உன் சாவுக்கு, நைனா."